மீண்டும் மீண்டும் வரும் ஒற்று: பழைய வீட்டுக் கணினியில் உளவு நிரல்

மொழியியலில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச முற்படுவது அவையோர்க்கு வியப்பளிக்கலாம். நாம் கணினிப் பொறியியல் கற்றவர் அல்லோம். ஆயினும், ஷா ஆலத்தில் நம் வீட்டிலிருந்த பழைய கணினியில் உளவு நிரல் ஒன்று மூன்று முறை அகற்றப்பட்டு, மூன்று முறையும் திரும்பி வந்தது. நான்காம் முறை அது வாராதிருக்கும் பொருட்டு நாம் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பகுதி, தமிழாசிரியர்களும் மாணவர்களும் நாள்தோறும் செய்கின்ற செயல்களோடு நேரடித் தொடர்புடையது. ஆகவேதான் இப்பொருளை இச்சொற்பொழிவு வரிசைக்குத் தேர்ந்தோம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. வேவு, உளவு, ஒற்று என மூன்று சொற்களும் இப்பொருளுக்குத் தமிழில் உள. திருக்குறளில் 59ஆம் அதிகாரத்தின் பெயரே ஒற்றாடல் என்பது. இன்று கணினித் துறையில் உளவு நிரல், உளவு மென்பொருள் என்பன வழங்கிவிட்டன. அவற்றையே நாமும் ஆள்கின்றோம். எனினும் ஒற்று என்னும் சொல்லுக்கு இலக்கணத்தில் மற்றொரு பொருளும் உண்டு என்பதை மாணவர் அறிவர். மெய்யெழுத்தாகிய ஒற்று தனித்து நின்று சொல்லைத் தொடங்காது. வேறோர் எழுத்தைச் சார்ந்தே வரும். உளவு நிரலும் பெரும்பாலும் அவ்வாறே வருகின்றது. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த உளவு நிரலும் வீட்டு வாயிலில் நிற்பதில்லை. இலவச எழுத்துருத் தொகுப்பு, பாடல் இறக்கும் கருவி, உரிமம் உடைக்கப்பட்ட சொற்செயலி போன்ற ஏதேனும் ஒன்றைச் சார்ந்துகொண்டு உள்ளே வரும். வைரஸ் எனப்படுவது தன்னைப் பெருக்கிக்கொள்வது. உளவு நிரலுக்கோ பெருகுதல் கட்டாயமன்று. ஓசையின்றி இருந்து, தட்டச்சு செய்யும் கடவுச்சொல், பார்க்கும் பக்கம், சேமித்த கோப்பு ஆகியவற்றை வெளியே அனுப்புவதே அதன் தொழில்.

நம் கணினி 2010இல் வாங்கப்பட்டது. விண்டோஸ் 7 இயங்குதளம் கொண்டது. அதனுள் இருந்த செல்வம் அதனினும் பழையது. 1990களில் கிள்ளான், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் முதியவர்களைச் சந்தித்து நாம் திரட்டிய பேச்சுத் தமிழ்த் தரவுகள் அவை. கித்தா, பெரட்டு, கிராணி எனத் தோட்டத் தமிழுக்கே உரிய சொற்கள், அவற்றைச் சொன்னவர்தம் பெயர், ஊர், வயது, சில வேளைகளில் அவர்கள் மனம்விட்டுப் பேசிய குடும்பச் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. பேசியவர்களுள் பலர் இன்றில்லை. அவர்கள் நம்மை நம்பிப் பேசினர். ஆய்வாளர்தம் கணினியில் உளவு நிரல் புகுவது வங்கிக் கணக்கைப் பற்றிய கவலையோடு முடிவதன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

2021 டிசம்பரில் ஷா ஆலத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தை இங்குள்ளோர் மறந்திருக்க இயலாது. தாமான் ஸ்ரீ மூடாவில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டில் கணினியும், அதன் படியெடுத்து வைத்திருந்த வெளிவன்தட்டும் ஒரே மேசையில் இருந்து ஒரே நீரில் மூழ்கின. அதனைக் கேட்ட அச்சத்தில் நாம் நம் கணினியிலிருந்த அனைத்தையும், எது தரவு, எது நிரல் என்று பிரித்துப் பாராமல், ஒரு வெளிவன்தட்டில் அப்படியே படியெடுத்து மகள் வீட்டில் வைத்தோம். படியை வேறிடத்தில் வைத்தது சரி. அனைத்தையும் படியெடுத்தது பிழை. அப்பிழையின் விளைவைப் பின்னர் காண்போம்.

2022இன் தொடக்கத்தில் உலாவியின் முகப்புப் பக்கம் தானாக மாறியது. நாம் நிறுவாத கருவிப்பட்டை ஒன்று தோன்றியது. பின்னர், நம் மின்னஞ்சல் கணக்கில் நாம் அறியாத நாடொன்றிலிருந்து யாரோ நுழைந்ததாக எச்சரிக்கை வந்தது. அருகிலிருந்த கடையொன்றில் கொடுத்தோம். தூய்மை செய்து தந்தனர். ஒன்பது நாளில் அதே கருவிப்பட்டை திரும்பியது. மீண்டும் கொடுத்தோம், மீண்டும் வந்தது. மூன்றாம் முறை கடைக்காரர் கணினியைக் குறை கூறினார். நாம் கடைக்காரரைக் குறை கூறினோம். இருவருமே தவறு.

கணினித் துறையில் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் வந்து ஒரே ஒரு வினாவை எழுப்பினார்: "ஐயா, தூய்மை செய்து வந்தவுடன் நீங்கள் முதலில் செய்வது என்ன?" எண்ணிப் பார்த்தோம். முதலில் செய்வது, தமிழ் எழுத்துருக்களை மீண்டும் நிறுவுவது. அதற்கான நிறுவல் கோப்பை 'முக்கியம்' என்று பெயரிட்ட கோப்புறையில் வைத்திருந்தோம். நூறு எழுத்துருக்கள் இலவசம் என்று எங்கிருந்தோ இறக்கிய தொகுப்பு அது. அவர் அதனை ஆராய்ந்தார். எழுத்துருக்கள் இருந்தன, கூடவே ஒற்றும் இருந்தது. ஒவ்வொரு முறையும் உளவு நிரலை மீண்டும் உள்ளே அழைத்து வந்தது நம் கையே.

மறுதொற்று என்று நாம் சொல்வது, போன ஒற்றன் திரும்பி வருவதன்று என்பதை இதனால் அறிந்தோம். அவன் வந்த வாயில் திறந்தே இருக்கின்றது. அல்லது அவன் விட்டுச்சென்ற திறவுகோலோ கூட்டாளியோ வீட்டுக்குள் இருக்கின்றது. நிரலை அழிப்பவர் இவற்றைத் தேடாமல் விட்டால் அழித்த பயன் ஒரு வாரத்திற்கே.

தமிழர் வீடுகளில் இவ்வாயில் எழுத்துருவாக அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஒருங்குறியில் தமிழ் 1990களின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தும், வீட்டுக் கணினிகள் அதனைக் கையாளப் பல்லாண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியாக்கம் வகுத்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வளர்த்த முரசு அஞ்சல், இணையத் தமிழர் பலர் கலந்துரையாடி அமைத்த திஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட டாம், டாப் என அவை பல. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்திலும் குறியாக்க ஒருமைப்பாடு பேசுபொருளாகவே இருந்தது. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முன் தட்டச்சு செய்த கோப்பை உரிய எழுத்துரு இன்றித் திறந்தால், பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தெரியும். அவ்வெழுத்துருவைத் தேடும் ஆசிரியர், முறையாக விற்ற நிறுவனம் மறைந்துவிட்ட நிலையில், கிடைத்த இடத்தில் இறக்குகின்றார். ஒற்றனுக்கு இதைவிட நல்ல ஊர்தி வேறில்லை. அறிஞர்கள் அரிதின் முயன்று ஆக்கிய நல்ல மென்பொருள்களைக் காசு கொடாமல் படியெடுத்துப் பழகிய நம்மவர் வழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்று சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

உரிமம் உடைக்கப்பட்ட மென்பொருளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வெளிப்படையானது. அதனோடு வரும் குறிப்பில், நிறுவுமுன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடுக என்று எழுதியிருக்கும். காவலனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று சொல்பவன் யார் என்று கேட்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

இனி, ஆசிரியர்கள் பெரிதும் கருத வேண்டியது பென்டிரைவ். வினாத்தாளைப் பள்ளியில் தட்டச்சு செய்து, ஒளிநகல் கடையில் அச்சிட்டு, வீட்டில் திருத்துவது நம் வழக்கம். இம்மூன்று கணினிகளுள் ஒன்று நோயுற்றிருந்தாலும் மற்ற இரண்டும் தூய்மையாக நில்லா. பென்டிரைவைத் திறந்தவுடன் கோப்புறைகளெல்லாம் சிறு அம்புக்குறி கொண்ட குறுக்குவழிகளாக மாறியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். உண்மையான கோப்புறைகள் மறைக்கப்பட்டு, அவற்றின் பெயரில் தீநிரலை இயக்கும் போலிகள் வைக்கப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள். அதனைச் சொடுக்குபவர் தம் கோப்பையும் காண்பார், தொற்றையும் பெறுவார்.

2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியே வலையமைப்பில் பரவியது. பென்டிரைவைச் செருகியவுடன் தானாக நிரல் இயங்கும் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்களே இலட்சக்கணக்கில் அகப்பட்டனர். கணினிக்கூடத்தில் ஒரு கணினியைத் தூய்மை செய்து வலையமைப்பில் மீண்டும் இணைத்தால், பக்கத்துக் கணினியிலிருந்து தொற்று உடனே திரும்பும். எல்லாவற்றையும் ஒருங்கே பிரித்து, ஒவ்வொன்றாகத் திருத்தி, அதன் பின்னரே இணைக்க வேண்டியிருந்தது. பென்டிரைவில் தானியக்கத்தைத் தடுக்கும் திருத்தம் பழைய எக்ஸ்பி கணினிகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது 2011இல். அதனினும் புதிய கணினிகளில் தானியக்கம் இல்லை. ஆனால் நம் விரல் இருக்கின்றது.

அவ்விரலை ஏமாற்றும் வழி ஒன்று மொழியியலார்க்கு மிகவும் சுவையானது. கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள பின்னொட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுகின்றது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்பவற்றின் விகுதியை மறைத்துவிட்டால் வந்தது யார் என்று எவ்வாறு அறிவோம்? 'வினாத்தாள்' என்ற பெயரும் ஆவணப் படமும் கொண்ட கோப்பு, உண்மையில் இயங்கு நிரலாக இருக்கலாம். அதனைக் காட்டிக்கொடுக்கும் விகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. கோப்புறை அமைப்புகளில், அறிந்த வகைகளின் பின்னொட்டை மறைக்கும் விருப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. நம் பழைய மாணவர் முதலில் செய்தது இதுவே.

எழுத்துருத் தொகுப்பை அகற்றிய பின்னும் கருவிப்பட்டை ஒரு முறை எட்டிப் பார்த்தது. இம்முறை வழி வேறு. குரோம் உலாவியில் நாம் கணக்கின் வழி நுழைந்திருந்தமையால், நீட்சிகள் எனப்படும் துணை நிரல்களின் பட்டியல் இணையத்தில் சேமிக்கப்பட்டிருந்தது. கணினியைத் துடைத்துப் புதிதாக உலாவியை நிறுவி நுழைந்தவுடன், ஒத்திசைவு தன் கடமையைச் செவ்வனே செய்து, பழைய தீய நீட்சியையும் கொண்டுவந்து வைத்தது. முதலில் ஒத்திசைவை நிறுத்தி, நீட்சியை நீக்கி, இணையத்தில் சேமித்த ஒத்திசைவுத் தரவையும் அழித்த பின்னரே அது ஓய்ந்தது. மீட்புப் புள்ளிகளும் இத்தகையவையே. தூய்மை செய்த மறுநாள் ஏதோ கோளாறு என்று சென்ற மாதத்து மீட்புப் புள்ளிக்குத் திரும்பினால், சென்ற மாதத்து ஒற்றனும் உடன் திரும்புவான். பழைய புள்ளிகளை நீக்கிவிட்டு, தூய நிலையில் புதியதொன்றை அமைப்பதே முறை.

கணினிக்கு வெளியே ஒளிந்திருக்கும் கூட்டாளி ஒருவன் உண்டு. அது இணையத் திசைவி. டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் தீநிரல், பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பைத் திரித்து, பயனரைப் போலிப் பக்கங்களுக்கு இட்டுச் சென்றது. அதன் சில வடிவங்கள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடு இருந்த திசைவிகளையும் மாற்றின. 2011 நவம்பரில் அதனை நடத்தியவர்கள் எஸ்டோனியாவில் கைது செய்யப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன என அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது. திசைவி திரிந்திருக்குமாயின் கணினியை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. இணையச் சேவையாளர் பொருத்திச் சென்ற நாளிலிருந்து திசைவியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாதவர்கள் இன்றே மாற்றுக. நம் வீட்டுத் திசைவியில் அது பன்னிரண்டு ஆண்டுகளாக மாறாமல் இருந்தது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

கடவுச்சொற்களை மாற்றுவதிலும் ஒரு முறைவைப்பு உண்டு. நோயுற்ற கணினியிலிருந்தே புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், ஒற்றனுக்குப் புதிய திறவுகோலை நாமே வழங்கியவராவோம். தூய்மையான வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், பின்னர் வங்கி, பின்னர் பிற என மாற்ற வேண்டும். மின்னஞ்சல் முதலில் என்பதற்குக் காரணம், ஏனைய கடவுச்சொற்களை மீட்கும் வழி அதுவே ஆதலின். கைப்பேசி தூய்மையானதென்று எண்ணிவிடவும் கூடாது. வீட்டைத் தூய்மை செய்யும் சேவை என்ற பெயரில் போலிச் செயலிகளை நிறுவச் செய்து, எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்தம் நுழைவு விவரங்களைத் திருடிய மோசடியை ஈசெட் நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. அச்செயலிகள் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளையும் திருடின.

அன்றாடப் பணிக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தாதிருப்பதே பழைய கணினிக்குச் செலவில்லாத அரண். எக்ஸ்பி காலத்தில் வீட்டிலுள்ள அனைவரும் நிர்வாகிகளாகவே இருந்தனர். பேரப்பிள்ளை விளையாட்டு நிறுவினாலும் இயங்குதளத்தின் அடிவரை அதற்கு உரிமை கிட்டியது. எளிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலேயே எழுதுவதும் படிப்பதும் நலம். நிறுவல் வேண்டும்போது மட்டும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். அக்கேள்வி வரும்போது ஒரு கணம் நின்று, இதனை நாம்தாம் கேட்டோமா என்று எண்ணுதல் வேண்டும்.

தேடுகருவிகளைப் பற்றி நீளப் பேசுவதற்கில்லை. விண்டோஸ் 7இல் இருந்த டிஃபெண்டர் உளவு நிரலை மட்டுமே தேடியது. விண்டோஸ் 8 முதல்தான் அப்பெயரிலேயே முழு வைரஸ் தடுப்பு வந்தது. இரண்டு தடுப்பு நிரல்களை ஒருங்கே இயக்கினால் ஒன்றையொன்று இடறும். பழைய கணினி மூச்சுத் திணறும். ஒன்றை நிலையாக இயக்கி, ஐயம் எழும்போது மற்றொன்றால் ஒரு முறை தேடிப் பார்ப்பது போதும். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கும் முறை ஒற்றாடல் அதிகாரத்திலேயே உண்டு. உலாவும்போது திடீரெனத் தோன்றி, உங்கள் கணினியில் நூறு வைரஸ்கள் உள, இதனை நிறுவுக என்று கூவும் பெட்டி மருத்துவனன்று, நோயே அது.

இவ்வளவு ஆராய்ந்த பின் நாம் எடுத்த முடிவு, துடைப்பதை நிறுத்திவிட்டு அடியோடு மீண்டும் நிறுவுவது. ஒற்றன் எங்கெங்கு ஒளிந்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலாதபோது அதுவே சுருக்கமான வழி. வெளிவன்தட்டில் இருந்த படியை மகள் வீட்டிலிருந்து வருவித்தபோதுதான் முன்னர் சொன்ன பிழை உறுத்தியது. அதனுள் எழுத்துருத் தொகுப்பும் 'முக்கியம்' என்ற பெயரோடு அப்படியே இருந்தது. அதனைத் தூய கணினியில் இணைத்து, எதனையும் சொடுக்காமல் முழுவதும் தேடச் செய்து, ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் மட்டும் பிரித்தெடுத்தோம். நிரல் கோப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. நிரலை எப்போதும் ஆக்கியவரிடமிருந்தே மீண்டும் பெறலாம். ஒரு தோட்டத்துப் பாட்டியின் குரலை எவரிடமிருந்தும் மீண்டும் பெற இயலாது.

பழைய கணினியில் எதனை நிறுவுவது என்பது அடுத்த வினா. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது; ஆதலின் நேற்றுவரை புதியதெனக் கருதிய கணினிகள் பலவும் இன்று இவ்வரிசையில் சேர்ந்துள்ளன. திருத்தம் வாராத இயங்குதளத்தை இணையத்தில் வைத்துக்கொண்டு மறுதொற்றைத் தடுப்பது, கூரையில்லா வீட்டில் தரையைத் துடைப்பதை ஒக்கும். 64 துணுக்குச் செயலியும் 4 ஜிகாபைட் நினைவகமும் இருப்பின் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் செவ்வனே இயங்கும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். பழைய மென்பொருள் கட்டாயம் வேண்டுமெனில், அக்கணினியை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்துவிட வேண்டும். ஷா ஆலத்திலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பழைய கணினி வாங்குவோரும், விற்றவர் நிறுவித் தந்ததை நம்பாமல் தாமே புதிதாக நிறுவிக்கொள்ளல் நன்று.

தொற்று நேர்ந்து பணமோ கணக்கோ பறிபோயிருந்தால் தாமதித்தல் கூடாது. வங்கி மோசடிக்குத் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும், கணினித் தொற்று குறித்துச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தையும் நாடலாம். முதியோர் பலர் வெட்கத்தால் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர்.

நம் கணினிகள் இன்று இரண்டு. இணையத்திற்கெனப் புதியதொன்று. பழையதில் விண்டோஸ் 7 புதிதாக நிறுவப்பட்டுள்ளது. இணையக் கம்பி கழற்றப்பட்டது. கம்பியில்லா இணைப்பும் நிறுத்தப்பட்டது. திஸ்கியில் இருந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டோம். ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில் மாற்றி நிரல் ஆங்கிலத்தையும் தமிழாக்கிக் குழப்பியதால் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் ஒப்பிட நேர்ந்தது. பேசியவர்களின் பெயர்ப்பட்டியலைத் தரவிலிருந்து பிரித்துத் தாளில் அச்சிட்டுப் பூட்டிவைத்து, இரு கணினிகளிலிருந்தும் நீக்கினோம். ஒலிப்புக் குறிகளுக்கென எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு எழுத்துருவில் தட்டச்சு செய்த பதினொரு கோப்புகள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றைப் பழைய கணினியின் திரையில் பார்த்து, புதியதில் கையாலேயே தட்டச்சு செய்து வருகின்றோம், நான்கு முடிந்துவிட்டன.